தொட்டுப் பார், தம்பி

கேரவன் வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் முதலில் கேட்பது ஏ.சி. ரிமோட் எங்கே என்று. அப்புறம் டி.வி., வைஃபை. கக்கூஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மூன்றாம் நாள் கேட்பார்கள், துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு.

இந்த வண்டிகளோடு நான் இருபது வருடத்துக்கு மேல் ஓடியவன். பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை என்று சினிமாக்காரர்கள் போகிற இடமெல்லாம் ஷூட்டிங் கேரவன் ஓட்டினேன். 2021இல் கேரள அரசு 'கேரவன் கேரளா' என்று சுற்றுலாத் திட்டம் கொண்டுவந்தது. அடுத்த வருடம் இடுக்கி மாவட்டத்து வாகமணில் முதல் கேரவன் பூங்காவும் திறந்தார்கள். அதற்குப் பிறகு நடிகர்கள் உட்கார்ந்த மாதிரி வண்டியில் குடும்பங்கள் தூங்க வந்தன. கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், அந்தப் பக்கம் குமுளி, பூப்பாறை, மறையூர் என்று எல்லையோரத்து நம் பிள்ளைகளும் வேலைக்கு வருகிறார்கள். உங்களுக்குத்தான் இது.

1. வண்டி கைக்கு வந்ததும் கீழே குனிந்து பார். குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்கு ஒரு டேங்க், கக்கூஸுக்கு ஒரு டேங்க். இரண்டின் வால்வும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஒரே நிறத்தில்கூட இருக்கும். பெயிண்ட் வாங்கி ஒன்றுக்குச் சிவப்பு அடித்துவிடு. சின்ன வண்டிகளில் டேங்க்குக்குப் பதில் பெட்டி இருக்கும்; கேசட் என்பார்கள். வெளிக்கதவைத் திறந்து சூட்கேஸ் போல உருவி எடுக்கலாம். பதினெட்டு, இருபது லிட்டர்தான் பிடிக்கும். நிறைந்தால் இருபது கிலோவுக்குக் குறையாத கனம். உருட்ட சக்கரம் இருக்கும். மலையில் ஜல்லி ரோட்டில் அந்தச் சக்கரம் ஒரு உதவிக்கும் ஆகாது.

2. காலி டேங்க்கோடு விருந்தாளியை ஏற்றாதே. முதலில் ஒரு பக்கெட் தண்ணீர் உள்ளே போகட்டும். காய்ந்த டேங்க்கில் விழுவது அடியில் ஒட்டிக் கல்லாகும். பிறகு அதை எடுக்க எந்த மருந்தும் கிடையாது.

3. கணக்குப் போடத் தெரிய வேண்டும். இந்த வண்டிகளின் அமைப்பு காகிதம் உபயோகிக்கும் நாட்டில் பிறந்தது. அங்கே ஒருமுறைக்கு அரை லிட்டர் போதும். நம்மவருக்குக் கழுவ வேண்டும், கழுவியதைத் தள்ள வேண்டும், திருப்திக்கு இன்னொரு மக். ஒருமுறைக்கு இரண்டு லிட்டர் என்று வை. ஒரு ஆள் நாளைக்கு ஐந்துமுறை, நாலு பேர்: நாற்பது லிட்டர். நூறு லிட்டர் டேங்க் இரண்டரை நாள் தாங்கும். கேசட் என்றால் காலையில் வைத்தது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் நிறைந்துவிடும். மீட்டர் பல்பை நம்பாதே. கழிவு ஒட்டிக்கொண்டால் அது எப்போதும் 'ஃபுல்' என்றே காட்டும், சரிவில் நின்றால் பொய் சொல்லும். கணக்கை நோட்டில் எழுது. விருந்தாளியிடம் ஃபாசெட்டைக் குறைத்துப் பிடிக்கச் சொல்ல வெட்கப்படாதே. நான் எல்லாரிடமும் ஒரே வாக்கியம் சொல்வேன்: "சார், இது வீட்டுக் கக்கூஸ் இல்லை, நம்மகூடவே வரும்."

4. உள்ளே போகக் கூடாதவை: நாப்கின், ஈரத் துடைப்பான், குழந்தையின் டயப்பர், முடி, மீந்த சோறு, சிகரெட். மூடியுள்ள குப்பைத் தொட்டி ஒன்றைக் கக்கூஸுக்குள்ளேயே வை. தொட்டி வைக்காமல் அறிவிப்பு மட்டும் ஒட்டுகிறவன் அடைப்பை அவனே எடுக்கட்டும்.

5. நாற்றம் வருகிறது என்று விருந்தாளி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவார். பிறகுதான் நாற்றம் கூடும். ஃபேன் அறையின் காற்றை வெளியே இழுக்கும்போது, கக்கூஸுக்கும் டேங்க்குக்கும் நடுவே உள்ள தட்டு திறந்திருந்தால் டேங்க்கின் காற்று அறைக்குள் ஏறும். ஃபேனை நிறுத்து, தண்ணீர் விட்டுத் தட்டை மூடு, பிறகு ஃபேனைப் போடு. தட்டின் விளிம்பில் ரப்பர் இருக்கிறது. அதற்கு வாசலின் தடவாதே, ரப்பர் ஊதிப்போகும். சிலிகான் எண்ணெய் ஒரு துளி.

6. பினாயில் ஊற்றினால் சுத்தம் என்று நம் வீடுகளில் பழகிவிட்டோம். செப்டிக் டேங்க்கில் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். பினாயில் கலந்த கழிவை அங்கே நீ கொட்டினால் அவை செத்துவிடும், பிறகு அது வெறும் குழி. வண்டி டேங்க்கில் ஊற்றுகிற, ஃபார்மால்டிஹைடு கலந்த நீல மருந்துக்கும் இதே புத்திமதி. ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றவே கூடாது. வரும் வாயு குளோரின். அந்தச் சின்ன அறையில் உனக்கு ஓடக்கூட இடம் இருக்காது.

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கத்துப் போர்வெல்லில் தண்ணீர் பிடித்தால் பீங்கானில் இரண்டே வாரத்தில் வெள்ளைக் கறை ஏறும். அதற்கு வினிகர் ஊற்றி ராத்திரி விடு, காலையில் பிரஷ். மூணாற்றுத் தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே குளிரில் கிருமிகள் சோம்பிக் கிடக்கும், கழிவு சீக்கிரம் கரையாது. சமவெளிக்கு ஒரு பக்குவம், மலைக்கு ஒரு பக்குவம்.

7. பாலக்காட்டில் வாங்கிய நேந்திரம் சிப்ஸ் பாக்கெட் மூணாறு போய்ச் சேரும்போது பலூன் மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்திருப்பாய். கீழே நூறு மீட்டருக்கும் குறைந்த உயரம், மேலே ஆயிரத்து ஐந்நூறு. காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். மூடிய கேசட்டும் ஒரு பாக்கெட்தான். மலை ஏறி நிறுத்தியதும், முகத்தை நேராக நீட்டித் தட்டைத் திறக்காதே. முதலில் காற்றுப் பொத்தானை அழுத்து, மெல்லத் திற, தள்ளி நில். ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்று கேட்காதே. அன்று சட்டை புதுசு.

8. வண்டியைச் சமமாக நிறுத்து. சக்கரத்துக்கு அடியில் பலகை வை. கேரவன் பார்க்கில் குழாய் மாட்டினாலும் கக்கூஸ் வால்வைத் திறந்தே விடாதே. தண்ணீர் மட்டும் ஓடிவிடும், கட்டி மட்டும் குவியும். முக்கால் நிறையட்டும், பிறகு ஒரே இழுப்பில் திற. கக்கூஸ் டேங்க் முதலில், குளியல் தண்ணீர் பின்னால். அந்தச் சோப்புத் தண்ணீரே ஹோஸைக் கழுவிக் கொடுக்கும்.

9. எங்கே கொட்டுவது? பார்க்கில் அதற்கென்று உள்ள தொட்டியில், அல்லது உரிமம் உள்ள கழிவு லாரிக்காரரிடம். வேறு பதில் இல்லை. ஆனாலும் ராத்திரி பத்து மணிக்கு, டேங்க் நிறைந்து, ஆள் நடமாட்டமில்லாத பாலம் ஒன்று தெரியும்போது உன் கை அரிக்கும். அப்போது இந்தத் தண்ணீர்ப் பாதைகளை நினைத்துக்கொள்.

மறையூர், சின்னாறு பக்கம் ஊற்றினால் பாம்பாற்றில் இறங்கும். கேரளத்தில் கிழக்கே ஓடும் மூன்று ஆறுகளில் அது ஒன்று. நேரே அமராவதி அணை, உடுமலைக்காரர்கள். தேக்கடிப் பக்கம் ஊற்றினால் பெரியாறு. பெரியாறு மேற்கே ஓடுகிற ஆறுதானே என்று நினைப்பாய். 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டியதிலிருந்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக அந்தத் தண்ணீர் தேனிக்கும் வைகைக்கும் போகிறது. மதுரையில் உன் சித்தப்பா குடிப்பார். சரி, கீழே ஆனைமலையில் ஊற்றினால்? ஆழியாறு. அது மணக்கடவு தாண்டிச் சித்தூர்ப் புழையாகிப் பாரதப்புழையில் சேரும். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் அந்த மணக்கடவில்தான் கேரளத்துக்கு அளந்து கொடுக்கப்படுகிறது. இரண்டு அரசும் சொட்டுக் கணக்குப் பார்க்கிற தண்ணீர் அது. செக்போஸ்ட் நம் வண்டியைத்தான் நிறுத்தும். இந்த எல்லையில் எந்தப் பக்கம் ஊற்றினாலும் சொந்தக்காரன் வீட்டுக் குடத்துக்குத்தான் போகும்.

10. டேங்க் வாயில் தலையை விட்டுப் பார்க்காதே. பீடி வேண்டவே வேண்டாம், உள்ளே மீத்தேன் இருக்கும். அழுகின முட்டை நாற்றம் வந்தால் ஹைட்ரஜன் சல்பைடு. நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதியாகாதே. அந்த வாயு அதிகமானால் மூக்கு செத்துவிடும், வாயு இருந்துகொண்டே இருக்கும். பார்க்கின் செப்டிக் தொட்டியில் போன், சாவி எது விழுந்தாலும் விழுந்ததுதான். யாரும் உள்ளே இறங்கக் கூடாது.

11. இது பெரிய விஷயம், பொறுமையாகப் படி.

பெட்டி நிறைந்ததும் பையன்கள் கண் அங்கே இங்கே தேடும். பார்க்கில் கூட்டுகிற அக்கா இருப்பார், எஸ்டேட் லயத்திலிருந்து ஒரு பெரியவர் இருப்பார். இருநூறு ரூபாயை நீட்டி "அண்ணா, இதைக் கொஞ்சம்" என்பார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் செய்தேன். யாரைக் கூப்பிட்டேன் என்று யோசித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. டீக்கடையில் நின்ற பத்துப் பேரில் ஒன்பது பேரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஒருவரிடம் மட்டும் போனேன். அவர் என்ன ஆள் என்று என் காலுக்கு எப்படித் தெரிந்தது?

தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் எழுதிய நாவலைச் சுந்தர ராமசாமி 'தோட்டியின் மகன்' என்று தமிழில் தந்திருக்கிறார். கதை நடப்பது ஆலப்புழையில். வாளி தூக்குகிறவர்கள் பெயர்களைப் பார்: இசக்கிமுத்து, சுடலைமுத்து. நம் ஊர்ப் பெயர்கள். மலையாள நாட்டு நகரங்களின் மலத்தைச் சுமக்கத் தமிழ் ஆட்களைக் கொண்டுவந்த காலம் அது. மகனுக்காவது இந்த வாளி வேண்டாம் என்று சுடலைமுத்து படும் பாடுதான் கதை. கையால் மலம் அள்ளவைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013இல் இன்னும் கடுமையாக வந்தது. அதற்குப் பிறகும், கோடி ரூபாய் வண்டியின் பக்கவாட்டில் பெட்டியாக அந்த வாளியே நிற்கிறது. வண்டி உன் பொறுப்பு என்றால் பெட்டியும் உன் பொறுப்பு. முழங்கை வரை கையுறை, மூடிய செருப்பு, கண்ணாடி, தனிச் சோப்பு. முதலாளி வாங்கித் தரவில்லை என்றால் வண்டியை எடுக்காதே. அந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்கிறவன் உனக்குச் சம்பளம் மட்டும் ஒழுங்காகத் தரப்போகிறானா?

சாவகாசமாக இருந்தால் விருந்தாளியையே கூட வரச் சொல்வேன். பாதிப் பேர் வருவார்கள். பெட்டியைச் சுமக்க உதவிய ஒரு கோயம்புத்தூர் டாக்டர், மறுநாளிலிருந்து அரை மக்கில் முடித்துக்கொண்டார்.

12. சாவி யார் கையில்? ஷூட்டிங் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது. நடுக்காட்டில் இருநூறு பேர் வேலை செய்வார்கள், கேரவன் மூன்று நிற்கும். கதாநாயகிக்கு ஒன்று. துணை நடிகைகள், நடனப் பெண்கள், மேக்கப் உதவிக்கு வந்தவர்கள்? புதர். இல்லையென்றால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். இதை நான் சொன்னால் டிரைவர் பேச்சு என்பார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஹேமா தலைமையில் கேரள அரசு 2017இல் அமைத்த குழு மலையாள சினிமாவைப் பற்றி அறிக்கை எழுதியது. 2019 கடைசியில் கொடுத்த அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. படப்பிடிப்பு இடங்களில் கழிப்பறை இல்லாமல் பெண்கள் மணிக்கணக்காக அடக்கிக்கொண்டு இருப்பதும், தண்ணீரைத் தவிர்ப்பதும், சிறுநீர்த் தொற்று வருவதும் அதில் இருக்கிறது. பத்திரிகைகள் அன்று வேறு பக்கங்களைத்தான் அதிகம் புரட்டின. எனக்கு இந்தப் பக்கம் புதிதில்லை.

மாதவிலக்கோடு வெயிலில் நின்ற ஒரு பெண் என்னிடம் சாவி கேட்டாள். மேனேஜர் திட்டுவார் என்று நான் இல்லை என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்காதது இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் கடைசி வண்டியின் சாவியை நான் மறைத்ததில்லை. டேங்க் நிறையும், நிறையட்டும், காலி செய்வது நாம்தானே.

உள்ளே போகிறவர்களுக்கு முன்னால் நீ ஒருமுறை போய், கண்ணாடி, ஃபேன் மூடி, சார்ஜர் ஓட்டை எல்லாம் பார்த்துவிட்டு வா. கேரவனில் ஒளித்து வைத்த கேமரா பற்றி அதே 2024இல் ஒரு மூத்த நடிகை பேசியபோது ஊரே அதிர்ந்தது. தாழ்ப்பாள் சரியில்லாத வண்டியை வாடகைக்கு விடாதே.

13. ராத்திரியில் "காற்று வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டு வருகிறேன்" என்பவரைத் தடுத்து நிறுத்து. சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கம் யானை நடக்கும் நிலம். ரேஷன் அரிசியைத் தேடிப் போவதில் பெயர்போன அரிக்கொம்பன் என்ற யானையை 2023இல் அங்கிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள் என்பது உண்மை. மற்ற யானைகளை யாரும் கொண்டுபோகவில்லை. வண்டிக்குள் கக்கூஸ் இருப்பதன் முழுப் பயனும் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் தெரியும்.

14. கிளம்புமுன் வெளிமூடி. வால்வு மூடியிருக்கிறதா, அதன் மேல் மூடி திருகியிருக்கிறதா, இரண்டையும் கையை வைத்துப் பார்.

போடியிலிருந்து பூப்பாறைக்கு ஒரு விடிகாலை ஏறினேன். கிளம்பும்போது குனிந்து பார்த்தேன், மூடி இருந்தது. இருந்தது, திருகவில்லை. வால்வும் ஒரு விரல்கடை திறந்திருந்தது. போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. பாதி வளைவு தாண்டும்போது பின்னால் ஹாரன், விடாமல். ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் ஒரு ஜீப் நிறைய. ஜீப்பின் முன்கண்ணாடியில் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. மழை இல்லை.

இறங்கி நின்றேன். இருந்த நல்ல தண்ணீரையெல்லாம் ரோட்டுக்கும் ஜீப்புக்கும் ஊற்றிக் கழுவினேன். அவர்கள் திட்டியதில் பாதியை எழுத முடியாது. "பாத்துட்டுத்தான் அக்கா கெளம்புனேன்" என்றேன். முன்சீட்டில் இருந்த வயசான அம்மா தலையை நீட்டி, "பாத்தியா? நாங்க ஏலக்காய்கூட தொட்டுப் பாத்துத்தான்டா பறிக்கிறோம்" என்றார்.