வைகாசி முகூர்த்தத்துக்குள் எடை குறைய: ஊசியா, தட்டா, நடையா?

பங்குனிப் பொங்கலுக்கு வந்த சொந்தபந்தம் ஊர் திரும்பியதும் விருதுநகர் சூலக்கரைப் பக்கம் ஒரு பேச்சு கிளம்பும். பொங்கல் பொருட்காட்சியில் எடுத்த போட்டோவில் அவரவர் வயிறு அவரவர் கண்ணில் பட்டிருக்கும். வைகாசியில் வீட்டில் ஒரு கல்யாணமும் இருக்கும். "ஊசி குத்துனா பசியே எடுக்காதாம்ல" என்பார் ஒருவர். "சோத்தை விடு, தானா எறங்கும்" என்பார் இன்னொருவர். "காலையில கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் நடங்க" என்பார் மூன்றாமவர். மூன்றையும் ஒன்றாகத் தொடங்கி, இரண்டாம் வாரத்தில் மூன்றையும் கைவிடுகிறவர்களே அதிகம். எதில் முதலில் கை வைப்பது என்று தெரிந்தால் காசும் மிஞ்சும், முயற்சியும் நிலைக்கும்.

முதலில் ஒரு இஞ்ச் டேப்பை எடுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் இந்திய உடம்புக்கு அது எச்சரிக்கை. கை கால் ஒல்லியாக, தொந்தி மட்டும் முன்னால் வருவதுதான் நம் ஊர் வாகு; எடை மெஷின் அதைச் சரியாகச் சொல்லாது. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டுப் பெண்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் கூடுதல் எடையோடு இருக்கிறார்கள். ஆண்களும் அதிகம் பின்தங்கவில்லை.

இனி ஊசி, அதாவது அக்குபஞ்சர். இதை ஒரு தனி மருத்துவமுறையாக மத்திய சுகாதாரத் துறை 2019 பிப்ரவரியில் அங்கீகரித்தது. அதற்காக, எடையைக் குறைக்கும் என்று துறை சான்றிதழ் கொடுத்ததாக அர்த்தமில்லை. எடைக்கு இதைப் பரிசோதித்த ஆய்வுகளில் பல சிறியவை, சில வாரங்களே நடந்தவை. 2013-ல் வெளியான ஒரு கொரிய ஆய்வை உதாரணத்துக்குப் பார்க்கலாம். 91 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் காதில் ஐந்து புள்ளிகளில் ஊசி, இன்னொன்றுக்குப் பசிப்புள்ளி ஒன்றில் மட்டும், மூன்றாவது குழுவுக்குப் பேருக்குக் குத்தி உடனே எடுத்துவிட்டார்கள். எட்டு வாரத்தில் ஐந்து புள்ளிக்காரர்களின் பிஎம்ஐ 6.1 சதவீதமும் ஒரு புள்ளிக்காரர்களுடையது 5.7 சதவீதமும் இறங்கின. மூன்றாவது குழுவில் சொல்லும்படி குறையவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 24 பேர் பாதியில் விலகினார்கள். எல்லோருக்கும் சாப்பாட்டிலும் கட்டுப்பாடு இருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒரு புள்ளிக்கும் ஐந்துக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. புள்ளி கூடக் கூடப் பலன் கூடும் என்று யாராவது பேக்கேஜ் விற்றால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊசியே இல்லாமல், நாடி பார்த்து ஒரு விரலால் தொட்டுச் சிகிச்சை செய்பவர்களும் தமிழ்நாட்டில் நிறைய. தொடுவதால் கெடுதல் வந்துவிடாது. "சுகர் மாத்திரையை நிறுத்துங்க" என்று சொல்லும்போதுதான் ஆபத்து. அந்த வார்த்தை வந்ததும் எழுந்து வந்துவிடுங்கள். ஊசிதான் போட்டுக்கொள்ளப்போகிறீர்கள் என்றால், உங்கள் கண் முன்னால் கவர் பிரித்த புது ஊசியா என்று பாருங்கள். கர்ப்பிணிகளும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் முதலில் தங்கள் டாக்டரைக் கேட்க வேண்டும்.

அடுத்தது சாப்பாடு. கதை முழுக்க இங்கேதான் இருக்கிறது. விருதுநகர் எண்ணெய்ச் சந்தை. நல்லெண்ணெய்க்குப் பேர்போன ஊர். எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். செக்கில் ஆட்டியது என்பதற்காக அது குறையாது. ஒரு மேஜைக்கரண்டி என்பது 120 கலோரி. நம் ஊர் எண்ணெய் பரோட்டா போடுவதை நின்று பாருங்கள். அகலக் கல்லின் குழியில் தேங்கிய எண்ணெயில் அது மிதந்து, பொரிந்து, ஓரம் சிவந்து வரும். அதை நொறுக்கி சால்னாவில் ஊறப்போட்டால், இலையின் விளிம்பில் எண்ணெய் தனியாகக் கோடு கட்டும். சாதா பரோட்டாவே சுமார் 250 கலோரி, இது அதற்கும் மேலே. அதற்காகப் பரோட்டாவையே மறக்கச் சொன்னால் இந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். வாரம் ஒரு முறை, இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தினசரிக் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. கடையிலோ, பயர் ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலையிலோ நாளுக்கு ஐந்து டீ குடிப்பவருக்கு, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால், சர்க்கரையில் மட்டும் 200 கலோரி. கருப்பட்டிக்கு மாற்றினாலும் அதே கதைதான். அந்தச் சர்க்கரையையும், வீட்டுச் சமையலில் ஆளுக்கு இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெயையும் குறைத்தால் நாளுக்கு 400 கலோரிக்கு மேல் மிச்சம். காசும் மிச்சம்.

நூறு பாதாமும் வெண்ணெய் டீயுமாகத் தமிழில் பெரிதாகப் பரவிய பேலியோ உணவுமுறையில் எடை வேகமாக இறங்கியவர்கள் உண்டு. ஆனால் அரிசியும் பருப்பும் வாங்கும் வீட்டில் அதைக் கட்டுபடியாக்குவது கடினம். விட்டதும் திரும்ப ஏறும். நம் சோற்றையே பாதியாக்கி, அந்த இடத்தில் காயும் முட்டையும் பயறும் வைப்பது எளிது. கம்பங்கூழ் வயிற்றை நிரப்பும், நல்லதுதான். தொட்டுக்கொள்ளப் பொரித்த வத்தலும் மோர்மிளகாயும் ஒரு தட்டு வைத்தால் கணக்கு தப்பிவிடும். கோடைக்கு நுங்கும் சாத்தூர் வெள்ளரியும் இருக்க, ரோஸ்மில்க் எதற்கு?

நடையைக் கடைசியில் சொல்வதால் அது மட்டம் என்று நினைக்க வேண்டாம். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 250 கலோரி, அதாவது ஒரு பரோட்டா. நடந்து மட்டும் இளைக்க நினைப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். ஆனால் இறங்கிய எடை திரும்ப ஏறாமல் பிடித்து வைப்பதும், சுகரையும் பிரஷரையும் அடக்குவதும் நடைதான். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கத்திரி வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். இருட்டில் நான்கு வழிச்சாலை ஓரம் வேண்டாம். வியர்வையில் இறங்கும் ஒரு கிலோ தண்ணீர்தான், ஒரு சொம்பு மோரில் திரும்பிவிடும். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து பட்டாசுக் குழல் உருட்டுகிற, தீப்பெட்டி ஒட்டுகிற பெண்களுக்கு நடையை விட, மணிக்கொரு தரம் எழுந்து பத்து முறை உட்கார்ந்து எழுவது முதலில் உதவும். சுகர் மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு வெகுதூரம் போகக் கூடாது.

ஆக, முதல் மாதம் தட்டையும் டீயையும் மாற்றுங்கள். கூடவே நடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் ராத்திரிப் பசி ஆளைப் படுத்தினால், காசு இருந்தால், ஊசியை முயன்று பாருங்கள். வாரம் அரைக் கிலோ இறங்குவதுதான் நியாயமான வேகம். முகூர்த்தத்துக்கு எட்டு வாரம் இருந்தால் நாலு கிலோ. பத்து கிலோ என்று வாக்குக் கொடுப்பவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.