பட்டச் சான்றிதழில் ஒரு தத்துவப் பேராசிரியர்

கேள்வி: மனித உரிமை பேசிய கல்வியாளர் யாராவது நம் தாமிரபரணிப் பக்கம் பணியாற்றியிருக்கிறார்களா?
– கல்லூரி மாணவி, ஏரல்

பதில்: தொலைவில் தேட வேண்டாம். நீங்கள் வாங்கப்போகும் பட்டச் சான்றிதழின் தலைப்பைப் பாருங்கள். அதில் பெயராக நிற்கும் மனோன்மணியம் சுந்தரனாரே திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்தவர்தான். திருநெல்வேலியில் அவர் பெயரிலான பல்கலைக்கழகத்தில் 1992 முதல் 1998 வரை துணைவேந்தராக இருந்தார் வே. வசந்தி தேவி. அரசுக் கல்லூரி ஆசிரியையாகத் தொடங்கி, முதல்வராகி, அந்த நாற்காலிக்கு வந்தவர். 2002இல் மாநில மகளிர் ஆணையத் தலைவரானார். மனித உரிமைக் கல்வியைப் பள்ளி வகுப்பறைக்குள் கொண்டுபோகவும் உழைத்தார். எழுத்தாளர் சுந்தர ராமசாமி இவரோடு கல்வி பற்றி நடத்திய உரையாடல் தனி நூலாகவே வந்திருக்கிறது. ஏழைப் பிள்ளைக்கும் தரமான அரசுப் பள்ளி வேண்டும் என்று கடைசிவரை வாதாடிவிட்டு, 2025இல் மறைந்தார். நூலகத்தில் அந்த நூலைக் கேட்டுப் பாருங்கள்.