கீமோ நாட்களில் ‘நல்ல’ பாக்டீரியா

கீமோ எடுப்பவரைப் பார்க்க வருகிறவர்கள் பழத்தோடு புரோபயாடிக் பானத்தையும் வாங்கி வருகிறார்கள். “இதைக் குடிங்க, எதிர்ப்பு சக்தி வரும்” என்கிறார்கள். அந்த அன்பை மதிக்கிறேன். ஆனால் உடலின் காவல் மிகவும் குறைந்திருக்கும் வாரத்தில் உயிருள்ள கிருமியை உள்ளே அனுப்பும் முடிவை அன்பை மட்டும் நம்பி எடுக்க முடியாது.

நம்பிக்கை: புரோபயாடிக் சாப்பிட்டால் இறங்கிய கவுண்ட் ஏறும்.

உண்மை: மருத்துவர் கவலைப்படும் அந்தக் கவுண்ட், நியூட்ரோபில் என்ற வெள்ளையணுவின் எண்ணிக்கை. அது எலும்பு மஜ்ஜையில் உருவாகிறது. கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குபவை. அதனால் மஜ்ஜையும் அடி வாங்குகிறது. பல மருந்துகளில் 7 முதல் 14 நாட்களுக்குள் கவுண்ட் அடிமட்டத்துக்கு வரும், பிறகு மஜ்ஜை மீளும். தேவைப்பட்டால், நியூட்ரோபில் உற்பத்தியைத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போடுவார்கள். அந்த ஊசிக்குப் பதிலாகத் தரக்கூடிய புரோபயாடிக் எதுவும் மருத்துவத்தில் இல்லை.

நம்பிக்கை: நல்ல பாக்டீரியாதானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் வராது.

உண்மை: அதிகம் பேச வேண்டியது இதைப் பற்றித்தான். கீமோ வாயைப் புண்ணாக்குவது கண்ணுக்குத் தெரிகிறது. குடலின் உட்சுவரும் அதேபோல் புண்ணாவது தெரிவதில்லை. அந்தப் புண் வழியே குடல் கிருமிகள் ரத்தத்துக்குள் நுழையலாம். சாதாரண நாளில் நியூட்ரோபில்கள் அவற்றை விழுங்கிவிடும். கவுண்ட் 500-க்குக் கீழே இருக்கும்போது அதற்குப் போதிய ஆள் இல்லை. தயிரில் வாழும் வகையைச் சேர்ந்த லாக்டோபாசில்லஸ் கூட இப்படி ரத்தத்தில் பரவியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது.

வயிற்றுப்போக்குக்குத் தரும் புரோபயாடிக் சாஷேக்கள் சிலவற்றில் இருப்பது பாக்டீரியாவே அல்ல, சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட். கட்டிலருகே சாஷேயைக் கிழித்தால் கண்ணுக்குத் தெரியாத தூள் பறந்து விரலில் ஒட்டும். அதே விரலால், மருந்து ஏற்ற ரத்தக் குழாயோடு இணைத்திருக்கும் போர்ட்டையோ பிக் லைனையோ தொட்டால், வாய்க்குப் போக வேண்டியது நேரே ரத்தத்துக்குப் போய்விடும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு இந்த ஈஸ்டைத் தரக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2017-இல் அறிவுறுத்தியது.

நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளிடம் நடந்து, 2008-இல் வெளியான ஆய்வையும் சொல்ல வேண்டும். அவர்கள் புற்றுநோயாளிகள் அல்ல. ஆனால் புரோபயாடிக் பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 6 சதவீதம். தீங்கில்லாதது என்று நினைத்துத் தந்த ஒன்றின் விளைவு இது.

வெள்ளையணு கிருமியை விழுங்குவதைக் கண்டறிந்து 1908-இல் நோபல் பெற்ற மெச்னிகோவ்தான், புளித்த பாலைக் குடித்தால் ஆயுள் கூடும் என்றும் எழுதியவர். அவர் சொன்ன இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது: விழுங்கும் அணு இல்லாத உடலுக்குப் புளித்த பாலின் கணக்கு வேறு.

நம்பிக்கை: அப்படியானால் புரோபயாடிக்கே கூடாது, தயிரும் கூடாது.

உண்மை: இதுவும் சரியல்ல. இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெறுபவர்களின் வயிற்றுப்போக்கைக் குறைக்க லாக்டோபாசில்லஸ் உதவலாம் என்று சர்வதேச வழிகாட்டுதல் ஒன்றே சொல்கிறது. எந்த வகை, யாருக்கு, எந்த வாரத்தில் என்பதை உங்கள் புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்யட்டும். காய்ச்சிய பாலில் வீட்டில் உறைய வைத்த புதுத் தயிரைப் பல மருத்துவர்கள் அனுமதிக்கிறார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு விதி கடுமையாக இருக்கும். இரவெல்லாம் வெளியில் ஊறிய பழைய சோறு, கவுண்ட் ஏறும்வரை காத்திருக்கட்டும்.

நம்பிக்கை: லேசான காய்ச்சல்தானே, பாராசிட்டமால் போட்டுக் காலையில் பார்க்கலாம்.

உண்மை: கவுண்ட் இறங்கியிருக்கும்போது காலைவரை காத்திருக்கக் கூடாது. வெப்பநிலை 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனையை அழையுங்கள். கடைசி கீமோ தேதியைச் சொல்லும்போது, சாப்பிட்டு வந்த சாஷே அல்லது பானத்தின் பெயரையும் மறக்காமல் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் லாக்டோபாசில்லஸ் தெரிந்தால் மாதிரியில் வெளியிலிருந்து கலந்தது என்று ஒதுக்கப்படக்கூடும். அந்த இனத்தில் பல, வான்கோமைசின் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காதவை.