அத்தாவின் கைக்கு வேலை கொடுங்கள்



பக்கவாதம் வந்து வீடு திரும்பியவர்களை நலம் விசாரிக்கப் போகும்போது நாங்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. அத்தா கட்டிலில் சாய்ந்திருப்பார். மகள் சோறு பிசைந்து ஊட்டுவார். மகன் முகம் துடைத்துச் சட்டை மாட்டிவிடுவார். பெற்றோருக்குச் செய்யும் கித்மத் என்று மனமுவந்து செய்கிறார்கள். அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக. ஆனால் ஆறு மாதம் கழித்துப் போனாலும் அதே கட்டில், அதே ஊட்டல். அத்தாவின் கை மடியில் அப்படியே கிடக்கிறது.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் வருகிறது. கை நன்றாகத்தான் இருக்கிறது. அதை இயக்கும் மூளைப் பகுதிதான் பழுதாகிறது. பழுதாகாத மற்ற பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளக்கூடியவை. அதற்கு ஒரே வழி, திரும்பத் திரும்பச் செய்வது. பயன்படுத்தாத கையை மூளை கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிடும். முதல் 3 முதல் 6 மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்குப் பிறகும் பயிற்சிக்குப் பலன் உண்டு.

பிசியோதெரபி நமக்குத் தெரியும். தசைக்கு வலுவும் நடையும் திரும்ப அது உதவுகிறது. அதோடு சேர்ந்தது ஆக்குபேஷனல் தெரபி. செயல்வழிச் சிகிச்சை என்று சொல்லலாம். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, உளூ செய்வது, கடைக்கணக்கு எழுதுவது, தறியில் உட்காருவது என்று அவரவர் அன்றாடம் செய்த வேலைகளைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து மீண்டும் பழக்குவார்கள். முடியாத படிக்கு மாற்று வழி சொல்லித் தருவார்கள்.

இந்த வழியில் நமக்கு அருகிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமாக இருந்தார். உடலில் எஞ்சியிருக்கும் திறனைக் கொண்டு வாழ்க்கையை மீண்டும் கட்டலாம் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை:

1. சட்டை: போடும்போது பாதித்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில். உட்கார்ந்து செய்யட்டும்.

2. சாப்பாடு: நிமிர்ந்து உட்கார்ந்த பிறகே உணவு. படுத்த நிலையில் ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். வலது கை விழுந்தவர் இடது கையால் உண்ணத் தயங்கிப் பிறர் ஊட்டுவதற்குக் காத்திருக்கிறார். தக்க காரணம் இருக்கும்போது அதில் குற்றமில்லை என்று மார்க்க அறிஞர்கள் கூறியுள்ளனர். அப்போதும் வலது கை தட்டைப் பிடித்துக்கொள்ளட்டும்.

3. உளூ, தொழுகை: குழாயடியில் உறுதியான நாற்காலி போடுங்கள். அவரே கழுவட்டும், எட்டாத இடத்துக்கு மட்டும் உதவுங்கள். நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். ஐவேளைத் தொழுகைக்கும் தயாராவது ஐந்து முறைப் பயிற்சியாகவும் அமைகிறது. மற்றச் சந்தேகங்களை இமாமிடம் கேளுங்கள்.

4. கழிவறை: உயரமான இருக்கை, சுவரில் கைப்பிடி, வழுக்காத தரை. விழாமல் இருப்பது மிக முக்கியம்.

5. கைவேலை: முருங்கைக்கீரை உருவுவது, பயறு பொறுக்குவது, துணி மடிப்பது. நெசவு வீட்டில் தார் சுற்றுவது, நூல் சிக்கெடுப்பது. பழகிய வேலையில் மனமும் ஒட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். பாதித்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டு நழுவும். அந்தக் கையில் சூடு தெரியாமல் போகலாம். வெந்நீரை நீங்கள் தொட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

பயிற்சி முறையை ஒருமுறையேனும் நிபுணரிடம் கேட்டறிவது அவசியம். வேலூர் சி.எம்.சி.யிலும், சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனையிலும் இதற்கான பிரிவுகள் உள்ளன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

அத்தா ஒரு பொத்தான் போடப் பத்து நிமிடம் ஆகலாம். நமக்குக் கை துறுதுறுக்கும். வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று தோன்றும். அந்தப் பத்து நிமிடம் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்திருப்பதும் கித்மத்தான். அவர் தானே பொத்தான் போட்டு, தானே உளூ செய்து, மீண்டும் ஜமாஅத்தில் வந்து அமரும் நாளை அல்லாஹ் தருவானாக. ஆமீன்.