தையிலே நடு, சித்திரை வெயிலுக்கு நடு

பொங்கல் முடிந்தும் காலையில் குளிர் போகவில்லை. நர்சரிகளில் செவ்வந்தியும் டேலியாவும் வரிசையாக நின்று ஆளை இழுக்கும். வசந்தத்துக்குள் வீட்டு முன்புறத்தையும் மொட்டை மாடியையும் அழகாக்கிவிட வேண்டும் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான்: இன்றைய வெயிலைப் பார்த்து இவள் எதையும் நட்டுவிடக் கூடாதே! நம் ஊரில் இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். அந்த வெயிலைத் தாங்கிப் பூக்கிற செடிதான் உனக்கு வேண்டும்.

முதலில் சூரியன் எங்கே நிற்கிறது என்று பார். தை மாதத்தில் நடுப்பகலிலும் அது தெற்கே சாய்ந்துதான் இருக்கும். அதனால் உன் வீட்டு வடக்குச் சுவரோரம் இப்போது நாள் முழுக்க நிழல். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வடக்கே நிற்கும். திருச்சி, மதுரைப் பக்கம் ஒரு வாரம் முன்னதாகவே உச்சிக்கு வந்துவிடும். அதாவது, இன்றைக்கு நிழலாக இருக்கிற வடக்கு ஓரத்தில் மே, ஜூனில் வெயில் விழும். வெயில் விழுகிற தெற்கு ஓரம் நிழலாகிவிடும். ஆகவே நிழல் கேட்கிற மணிபிளாண்ட் போன்ற செடிகளைத் தரையில் நடாமல் தொட்டியிலேயே வை. தேவைப்படும்போது நகர்த்திக்கொள்ளலாம். மேற்குச் சுவர் மாலை வெயிலைக் குடித்து இரவிலும் சூடு விடும். அங்கே காகிதப்பூ வை. அதற்குத் தண்ணீரை அள்ளி ஊற்றினால் இலைதான் வரும், சற்றுக் காயவிட்டு ஊற்றினால்தான் பூ. அரளியும் அந்த வெயிலைத் தாங்கும். ஆனால் வேர் முதல் பூ வரை எல்லாமே நஞ்சு, தவழ்கிற குழந்தை இருக்கிற உன் வீட்டுக்கு அது வேண்டாம்.

செவ்வந்தி ஆசைக்கு ஒன்று வாங்கிக்கொள், போதும். அதன் காலம் முடிகிறது. செண்டுமல்லி, கோழிக்கொண்டை, ஜீனியா மூன்றையும் இப்போது விதைத்தால் வெயில் ஏறும்போது பூக்கும்.

இனி மல்லிகை. என்னைக் கேட்டால் தோட்டத்தில் பாதி இடத்தை இதற்கே கொடுப்பேன். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசியிலும், ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசியிலும், முல்லைக்கு ஜனவரி கடைசியிலும் கவாத்து செய்வார்கள். உன் குண்டுமல்லி இந்நேரம் தளிர்விட்டிருக்கும், அதில் காய்ந்த குச்சிகளை மட்டும் எடு. முல்லைக்கு இதுதான் நேரம். முழங்கால் உயரத்துக்குத் துணிந்து வெட்டிவிட்டு, வேரைச் சுற்றி மண்ணைக் கொத்தித் தொழு உரம் போடு. பழைய கிளையில் பூவை எதிர்பார்க்காதே. புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். மல்லிக்கு முழு வெயில் வேண்டும், அரை நிழலில் கொடிதான் நீளும். படுக்கையறை ஜன்னல் பக்கம் வெயில் வந்தால் ஒரு தொட்டியை அங்கே வை. மாலையில் மொட்டு விரியும்போது வாசனை உள்ளே வரும்.

மாடியில் அலங்காரத்துக்கென்று தனியாக எதையும் வாங்காதே, காய்க்கொடியே அலங்காரம்தான். தைப்பட்டத்தில் பாகல், புடலை, பீர்க்கன் விதை போட்டுக் கயிற்றுப் பந்தலில் ஏற்றிவிட்டால் பங்குனிக்குள் கீழே உட்கார நிழல் கிடைக்கும். வெண்டை விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்று. சுமார் 45 நாளில் பறிக்க ஆரம்பிக்கலாம். மாடியில் செடி வைக்கிற பைகளில் நிரப்பும் மண்கலவைக்குச் செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு, கூட ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவை ஊறவைத்து இரண்டு முறை அலசிவிடு, அதில் உப்பு இருக்கும். நனைந்த மண் நல்ல பாரம் என்பதால் பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவர் வருகிற ஓரமாக, செங்கல்மேல் தூக்கி வை. அடியில் காற்று போனால் தளம் ஊறாது.

பிளாஸ்டிக் புல்விரிப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். சித்திரையில் அதன்மேல் கால் வைக்க முடியாது. கைப்பிடிச் சுவருக்கு வெள்ளை அடித்துக் கீழே காவிப் பட்டை போடு. வெள்ளைச் சுவர் சூட்டைக் குறைக்கும், பச்சை இலையும் அதன் முன்னால் எடுப்பாகத் தெரியும். பரணில் கிடக்கிற உருளியைத் துலக்கி, தண்ணீரில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் மிதக்கவிடு. ஆனால் இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீரைக் கொட்டி உட்புறத்தைத் தேய்த்துக் கழுவு. டெங்கு கொசு முட்டை பாத்திரத்தின் ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும். தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டுக்கும் இதே கவனம் வேண்டும். வாசலில் கோலம் போடுகிற இடத்தைத் தொட்டிகளால் அடைத்துவிடாதே.

பங்குனி பிறந்ததும் காலை ஏழு மணிக்குள் தண்ணீர் ஊற்றி முடித்துவிடு. காய்ந்த இலை, தேங்காய் மட்டைத் துண்டு எது கிடைத்தாலும் மண்மேல் மூடிவை. அரிசி கழுவிய தண்ணீர் செடிக்குப் போகட்டும். ஆர்ஓ மெஷின் கழித்துவிடுகிற தண்ணீர் போகக் கூடாது, உப்பு சேர்ந்து இலை நுனி கருகும்.

பத்துமணிப் பூவுக்குக் காசு கொடுக்காதே. ஒரு கிள்ளு தண்டை ஈர மண்ணில் குத்தினாலே வேர் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை வரும்போது நான் கிள்ளிக்கொண்டு வருகிறேன். அதற்குள் வாய் அகலமான, ஆழமில்லாத மண்சட்டி இரண்டு வாங்கி வை. அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.