அறுபது கடந்த மலை நடையர்களுக்கு: தை மாத ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது. மலைப்பாதைகளில் ஓடிய தண்ணீர் வடிந்து மண் இறுகியிருக்கிறது. புல் இன்னும் காயவில்லை. மார்கழிக் கடைசி முதல் மாசி பிறக்கும்வரை, தமிழ்நாட்டு மலைகளில் மூத்தவர்கள் நடக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் இது குறுகிய காலம். பிப்ரவரி நடுவில் காட்டுத்தீப் பருவம் வந்ததும் வனத்துறை பாதைகளை மூடிவிடும். 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடினார்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில், மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆகவே போவதானால் இப்போதே போங்கள். அனுமதி பெற்றே போங்கள். 2024-இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் உள்ளன. எளிது, மிதமானது, கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். இந்தப் பருவத்தின் முதல் நடைக்கு எளிய பாதையே போதும். முப்பது வயதில் ஏறிய மலையை மனதில் வைத்து இன்றைய பாதையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இந்த வாரம் வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது: வரைபடம் படிக்கப் பழகுவது. வழிகாட்டிதான் வருகிறாரே, நமக்கெதற்கு என்று விட்டுவிட வேண்டாம். ஸ்காண்டிநேவிய நாடுகளில் வளர்ந்த ஓரியன்டீரிங் என்ற விளையாட்டில், வரைபடத்தையும் காம்பஸையும் மட்டும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் குறித்த இடங்களைத் தேடிப் போக வேண்டும். அதில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டுகளாக மூத்தோர் பிரிவுகள் உண்டு. உலகப் போட்டிகளில் எண்பதும் தொண்ணூறும் கடந்தவர்கள் கலந்துகொள்கிறார்கள். அவர்களுக்குத் தூரத்தைக் குறைத்து, வரைபடத்தைப் பெரிதாக்கி அச்சிட்டுத் தருவார்கள். மேட்டைச் சுற்றிப் போகலாமா, ஏறி இறங்கலாமா என்று நின்று யோசித்து முடிவெடுப்பவருக்கு அங்கே காலின் வேகம் இரண்டாம்பட்சம். வயதானவருக்கு இதைவிடப் பொருத்தமான திறமை வேறொன்று எனக்குத் தெரியாது.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர். போகவிருக்கும் பாதையின் வளைவுகளின் மேல் தையல் நூலைப் படியவைத்து, பிறகு நூலை நீட்டி ஸ்கேலில் அளந்து பாருங்கள். 16 சென்டிமீட்டர் வந்தால் 8 கிலோமீட்டர். அடுத்து, பாதை எத்தனை பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகளைக் கடந்து ஏறுகிறது என்று எண்ணுங்கள். நம் மலைத்தாள்களில் பெரும்பாலும் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் உயரம்; தாளின் அடியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 12 கோடுகள் என்றால் 240 மீட்டர் ஏற்றம். கோடுகள் நெருங்கிக் கிடக்கும் இடம் செங்குத்து. பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள்.

இனி நேரம். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். நம் பாதைக்கு அது 2 மணி நேரம் ஆகும். அறுபதைக் கடந்தவர் அதில் பாதியைக் கூட்டி 3 மணி நேரம் என்று வையுங்கள்; உட்காரும் நேரம் தனி. திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே தாளில் எழுதிவிட்டு, உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் அந்த நேரத்தில் திரும்புங்கள். இந்த மாதங்களில் மாலை ஆறு மணியையொட்டிச் சூரியன் மறைந்தால் அரை மணிக்குள் இருட்டிவிடும், சோலைக்காட்டில் அதற்கும் முன்பே. பகல் மூன்று மணிக்குள் கீழே வந்துவிடுவதே நல்லது.

குளிரைக் குறைவாக நினைக்க வேண்டாம். கோயம்புத்தூரில் ஏறிய பஸ் ஊட்டியில் இறக்கிவிடும்போது வெப்பநிலை பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைந்திருக்கும். ஒரே கனமான ஸ்வெட்டரைவிட இரண்டு மூன்று மெல்லிய உடைகள் மேல். ஏறும்போது கழற்றலாம், நின்றதும் போட்டுக்கொள்ளலாம். வயதானால் தாகம் மட்டுப்படும், குளிரில் இன்னும் மட்டுப்படும். ஆகவே தாகத்துக்குக் காத்திராமல் அரை மணிக்கொரு முறை சில மிடறு குடியுங்கள். நீர் பிரியும் மாத்திரை, இன்சுலின், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் நடைநாளில் அளவை எப்படி வைத்துக்கொள்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். நடந்து முடித்துச் சில மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கலாம், பையில் வெல்லமோ குளுக்கோஸோ இருக்கட்டும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே உங்கள் வேகம்.

பலரும் கவனிக்காதது கண்ணாடி. மேலே தூரப்பார்வையும் கீழே படிக்கும் பார்வையும் சேர்ந்த கண்ணாடியோடு இறங்கினால், அடுத்த அடி வைக்கும் கல் கீழ்ப்பகுதி வழியே மங்கித் தெரியும். இறக்கத்துக்குத் தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்று தனியாக வையுங்கள். தாளைப் படிக்கச் சிறு பூதக்கண்ணாடி போதும். ஊன்றுகோல் இரண்டாக இருந்தால் இறங்கும்போது மூட்டின் பாரம் குறையும்.

அட்டைக்கு உப்பு போதும். பயப்பட வேண்டியது கண்ணுக்கே எளிதில் தெரியாத சிற்றுண்ணி. அது கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் தமிழ்நாட்டில் இந்தக் குளிர்மாதங்களில்தான் அதிகம். முதியவர்களைக் கடுமையாகத் தாக்கும். முழுக்கைச் சட்டை அணிந்து, பேன்ட் நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். புல்லில் நேரே உட்காராமல் விரிப்பு போடுங்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, உடைகளை வெந்நீரில் துவையுங்கள். இடுப்பு, அக்குள், தொடையிடுக்கில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்காது என்பதால் தெரியாமலே போகும். மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ கடும் தலைவலியோ வந்தால் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் போங்கள். அவர் கேட்காவிட்டாலும், புதர்க்காட்டில் நடந்துவிட்டு வந்ததை முதலில் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் மாத்திரையில் குணமாகிவிடும் நோய் அது.