நம்பிக்கைகளும் உண்மைகளும்: சர்வீஸ் பஸ் செத்துவிட்டதா?

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் பக்கம் ஐ.டி. வேலை தேடும் பட்டதாரிகளிடம் பேசினால் ஒரே பல்லவிதான்: "இ.எஸ்.பி. எல்லாம் செத்துப்போச்சு சார், இப்ப மைக்ரோசர்வீஸ்தான்." யார் சொன்னது என்று கேட்டால், சீனியர் சொன்னாராம். அந்த சீனியருக்கு யார் சொன்னது? பதில் இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

நம்பிக்கை 1: பல மென்பொருள்களிடையே செய்தி கடத்தும் என்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ் (இ.எஸ்.பி.) காலாவதியானது; படிப்பது வீண்.

உண்மை: 2009 ஜனவரியில் ஆன் தாமஸ் மேன்ஸ் என்ற ஆய்வாளர் எஸ்.ஓ.ஏ. (பஸ் எந்த அணுகுமுறையின் கருவியோ, அந்தச் சேவை சார்ந்த கட்டமைப்பு) இறந்துவிட்டது என்று தலைப்பிட்டு எழுதினார். சேவைகள் நீடூழி வாழ்க என்று அதே தலைப்பின் பின்பாதியில் இருக்கிறது. அதைப் படிக்க ஆளில்லை. 2014 மார்ச்சில் ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபவுலரும் மென்பொருளைச் சிறு சிறு தனிச் சேவைகளாகப் பிரிக்கும் மைக்ரோசர்வீஸ் முறை பற்றிய கட்டுரையில் கண்டித்தது, வணிக விதிகளையெல்லாம் பஸ்ஸுக்குள் திணிக்கும் பழக்கத்தை. அது நியாயமான கண்டனம். கடன் வட்டியைக் கணக்கிடுவது பஸ்ஸின் வேலை அல்ல. ஆனால் செய்தியை உரிய இடத்துக்கு அனுப்புவது, வடிவம் மாற்றுவது, எதிர்முனை படுத்துவிட்டால் காத்திருந்து மறுபடி அனுப்புவது ஆகிய வேலைகள் எங்கே மறைந்துவிட்டன?

வங்கியைப் பாருங்கள். ஏ.டி.எம். பரிவர்த்தனை ஐ.எஸ்.ஓ. 8583 வடிவில் வருகிறது. மொபைல் செயலி ஜேசன் வடிவில் பேசுகிறது. பழைய மெயின்ஃபிரேம் வேறொரு கோப்பு வடிவம் கேட்கிறது. 10 அமைப்புகளை ஒன்றோடொன்று நேரடியாக இணைத்தால் 45 இணைப்புகள். நடுவே பஸ் இருந்தால் 10. மைக்ரோசர்வீஸ் வந்தபின் இணைக்க வேண்டிய அமைப்புகள் கூடினவே தவிரக் குறையவில்லை. அரசுத் துறைகளுக்கிடையே செய்தி கடத்த மத்திய அரசின் சீ-டாக் உருவாக்கிய தேசிய சேவை வழங்கல் நுழைவாயிலும் இதே கருத்தில் பிறந்ததுதான். 2018இல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் பஸ் மென்பொருள் தயாரிக்கும் மியூல்சாஃப்டை சுமார் 650 கோடி டாலருக்கு வாங்கியது. செத்த தொழில்நுட்பத்துக்கு யார் அவ்வளவு கொடுப்பார்?

நம்பிக்கை 2: எஸ்.ஓ.ஏ. என்றால் சோப்.

உண்மை: சோப் வெறும் செய்தி நெறிமுறை. ரெஸ்ட்டிலும் சேவை அமைக்கலாம், வரிசைச் செய்திகளிலும் அமைக்கலாம்.

நம்பிக்கை 3: பஸ் கருவியின் திரையில் பெட்டிகளை இழுத்துப் போட்டால் போதும், புரோகிராமிங் வேண்டாம்.

உண்மை: பணம் எடுக்கும் செய்தி இருமுறை வந்தாலும் கணக்கில் ஒருமுறைதான் கழிய வேண்டும். அதை யோசித்து எழுதுவது நீங்கள்தான், பெட்டி யோசிக்காது.

நம்பிக்கை 4: லைசென்ஸுக்கே லட்சங்கள் வேண்டும்.

உண்மை: அமைப்புகளை இணைக்க உதவும் அபாச்சி கேமல் கட்டற்ற மென்பொருள், காசே வேண்டாம். 2005இல் தொடங்கி இலங்கையில் வளர்ந்த டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் தன் பஸ்ஸைத் திறந்த மூலநிரலாகவே வெளியிட்டது. கொழும்புப் பொறியாளர்கள் எழுதி உலகுக்குக் கொடுத்ததைத் தாம்பரத்துப் பிள்ளைகள் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நம் கல்லூரிகள் ஆய்வகங்களில் கட்டற்ற மென்பொருளைக் கட்டாயமாக்க வேண்டும். மூலநிரலைப் படிக்காதவர் பொத்தான் அமுக்கத்தான் பழகுவார்.

சான்றிதழுக்குக் கட்டணம் கட்டும் முன், கிரெகர் ஹோப்பும் பாபி உல்ஃபும் 2003இல் தொகுத்த 65 ஒருங்கிணைப்பு வடிவங்களைப் படியுங்கள். உங்கள் லேப்டாப்பில் இரண்டு சிறு சேவைகளை எழுதி, கேமலால் இணையுங்கள். ஒன்றை நிறுத்திவிட்டுச் செய்தி அனுப்புங்கள். செய்தி தொலைந்தால், ஏன் தொலைந்தது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். நேர்காணலில் கைகொடுப்பது அந்த அறிவுதான்.